நாலு அங்குலம்

அழகுக்காக இறக்கினேன் என்கிறார்கள்.
சொல்லட்டும். பாதி உண்மை.

மீதிப் பாதி என் வலது தோள்.
பதினோரு வருஷமாகக் கண்ணாடி தூக்குகிறது.
வண்டித் தட்டுக்கு ஏற்றும்போது
கடைசி நாலு அங்குலத்தில்தான்
மூட்டுக்குள் யாரோ உப்புத்தாள் தேய்ப்பார்கள்.

போன வருஷமே ஒருமுறை இறக்கினேன்.
கையில் காசில்லை. முன் ஸ்பிரிங்கை அறுத்தேன்,
பின்னால் இரண்டு தகட்டை உருவினேன்,
ஷாக் பழையதே.
நின்றால் பூனை பதுங்கின மாதிரி இருக்கும்.
ஓட்டினால்தான் தெரியும்.
பிகாச்சோ தெரு தாண்டி ரயில் பாதையில்
அச்சு எழும்பிச் சட்டத்தை முட்டியது.
ஒரே ஒரு ணங்.
பின்னால் கண்ணாடி வாயே திறக்கவில்லை.
நடனப் பள்ளி வாசலில் போர்வையை விலக்கினேன்:
லாஸ் குரூசஸின் வானம் முழுக்க அதில் கிடந்தது,
மூலைக்கு மூலை ஒரு மயிரிழையோடு.
முந்நூற்று நாற்பது டாலர். என் பையிலிருந்து.

இந்த முறை மிரேயாவைக் கூப்பிட்டேன்.
தம்பியின் முன்னாள் மனைவி.
தம்பி போய்விட்டான்,
வெல்டிங் இயந்திரம் இவளோடு தங்கிவிட்டது.

சனிக்கிழமை. நூற்றுமூன்று டிகிரி.
யூ-போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் ஊட்டியிருந்தேன்.
அசையவில்லை.
தீ காட்டினாள், அசைந்தன.
தகடுகளுக்குக் கீழே தொங்கிய அச்சைத்
தூக்கி அவற்றின் மேல் உட்கார வைத்தோம்.
அது துள்ளி எழ இடம் வேண்டுமே,
சட்டத்தை அரைவட்டமாகக் கடித்து எடுத்து
தடித்த இரும்பால் விளிம்பு கட்டினாள்.
கணக்குப்படி ஆறு அங்குலம் இறங்கும்.
சுமைக்காகப் புதுத் தகடு சேர்த்தோம்,
இரண்டு திரும்பி ஏறியது.
முன்னால் புது ஸ்பிண்டில், அறுபடாத ஸ்பிரிங்,
நாலு மூலைக்கும் குட்டை ஷாக்.

சக்கரம் நேர்பார்க்கிற கடையில் அவன் கேட்டான்:
"டெல்ஃபினா, இது வேலை வண்டியா, ஞாயிற்றுக்கிழமை வண்டியா?"
தவணை ஒன்றுதான் கட்டுகிறேன் என்றேன்.

உடைந்த நிலைக்கண்ணாடியை எறியாமல் வைத்திருந்தேன்.
அதையே ஏற்றிக் கட்டினேன்.
விரிசலின் ஒரு நுனி ஓரத்துக்கு வராமல் நின்றிருந்தது,
அங்கே பேனாவால் கோடு போட்டேன்.
அதே ரயில் பாதை. அதே வேகம்.
மிரேயா முன்ஜன்னலைப் பிடித்துக்கொண்டு
ஏதோ புனிதரின் பெயரைச் சொன்னாள்.
வண்டி ஒருமுறை குனிந்தது,
ஒருமுறை நிமிர்ந்தது,
அவ்வளவுதான்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
விரிசல் கோட்டைத் தாண்டவில்லை.

இப்போதும் பள்ளிக்கூட வேகத்தடையைக்
குறுக்காகத்தான் ஏறுகிறேன், நண்டு மாதிரி.
பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.
மழை வந்தால் ஓடைச்சாலை வேண்டாம், சுற்றுவழி.
அதெல்லாம் இருக்கிறது.

மத்தியானம் பின்கதவை இறக்கி
புரீட்டோவைப் பிரித்து உட்கார்ந்தேன்.
கால் ஆடவில்லை.
குனிந்து பார்த்தேன்:
இரண்டு பூட்ஸின் நுனியும்
தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.