லேசான காயம்

இன்னும் பதினெட்டு நாள்.
கயானி முகாமிலிருந்து வந்த கடிதம்
ஃப்ரிட்ஜ் கதவில், மீன் காந்தத்தின் கீழ்.
பூட்டு ஒன்று கொண்டுவரவும், என்கிறது.
பல் மருத்துவரை முன்பே பார்த்துவிடவும்.
பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடியுமென்று
நேர்மையாக எழுதவும்.
இரண்டாயிரத்து நானூறு மீட்டர் என்று எழுதினேன்.
அதில் நானூறு பொய்.

அந்த நானூறைத் தேடித்தான்
தினமும் ஏரியைச் சுற்றுகிறேன்.
குஹ்மோவில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
நெற்றியில் விளக்கு. விட்ட மூச்சு
அந்த வெளிச்சத்தில் என் முகத்திலேயே வந்து மோதும்.
புது பூட்ஸ் முதல் வாரம் குதிகாலைத் தின்றது.
இரண்டாம் வாரம்
குதிகால் அதைத் தின்னத் தொடங்கியது.

பையில் முதலில் உருளைக்கிழங்கு, பத்து கிலோ.
பிறகு பூனைக்கு வாங்கிய மணல்.
பிறகு விறகு;
விறகு முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும்.
வீட்டிலிருந்த எடையெல்லாம் தீர்ந்துபோனபோது
ஆர்ட்டு சொன்னான்:
"என்னைத் தூக்கு."

ஆர்ட்டு எனக்கு ஒன்பது நிமிடம் இளையவன்.
படைக்கு வரமாட்டேன் என்று
அதே மேசையில், அதே பேனாவால் கையெழுத்திட்டவன்.
எனக்கு நூற்று அறுபத்தைந்து நாள்.
அவனுக்கு முந்நூற்று நாற்பத்தேழு,
முதியோர் இல்லத்தில், தட்டுகளோடும் படுக்கை விரிப்புகளோடும்.
"துப்பாக்கி வேண்டாமென்றால் விலை கூடுதல்"
என்பான். அதற்குமேல் நாங்கள் பேசுவதில்லை.
சமையலறை சின்னது.

ஒரு கை அவன் முழங்காலுக்குப் பின்னே,
ஒரு கை மணிக்கட்டில்,
தோள்களின் குறுக்கே எழுபத்தோரு கிலோ.
ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்.
மறுநாள் மூன்று.
தலைகீழாகத் தொங்கியபடி அவன் நேரம் சொன்னான்.
"காயம்பட்டவன் கடிகாரம் பார்க்க மாட்டான்டா."
"எனக்கு லேசான காயம்."

அன்று கேட்டேன்: விறைத்துக்கொள்ளாதே,
நினைவு தப்பியவன் மாதிரி துவண்டு கிட.
அவன் சாலையோரம் மல்லாந்து கண்ணை மூடினான்.
இமையில் விழுந்த பனி
உடனே கரையவில்லை.
"போதும், திற" என்றேன்.
திறக்கவில்லை.
நான் கேட்டதை, தனக்குப் பிடிக்காததை,
எனக்காக நன்றாகவே செய்துகொண்டிருந்தான்.

துவண்டவன் எழுபத்தோரு கிலோ இல்லை.
பிடித்த இடமெல்லாம் நழுவியது.
இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை எழுந்தேன்.

அப்போது வளைவில் திரும்பியது
பனி வாரும் வண்டி, மஞ்சள் விளக்கு சுழல.
அம்மாவுக்கு இன்று மாலை முறை;
இருவருமே மறந்திருந்தோம்.
அவள் கண்டது இவ்வளவுதான்:
இருட்டில் ஒருவன், அவன் தோளில் ஒருவன்,
ஆடும் ஒரு கை.

வண்டி நிற்குமுன் கதவு திறந்தது.
பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினான்கில்
கையுறை இல்லாமல் ஓடிவந்தாள்,
எந்தப் பெயரைக் கூப்பிடுவதென்று தெரியாமல்
வாய் மட்டும் திறந்தபடி.

என் முதுகுப் பக்கமிருந்து ஆர்ட்டு சொன்னான்:
"அம்மா, லேசான காயம்தான்."

அவள் திட்டவில்லை. சிரிக்கவுமில்லை.
இறக்கு என்றும் சொல்லவில்லை.
தொங்கிய காலில் அவிழ்ந்திருந்த அவன் நாடாவை
வெறுங்கையால் கட்டினாள்.
பிறகு குனிந்து என்னுடையதை,
கட்டியே இருந்ததை,
அவிழ்த்து மறுபடி கட்டினாள்.
"இன்னும் எத்தனை கம்பம்?"
"நான்கு."

ஏறிக்கொண்டாள்.
கத்தியைத் தாழ்த்தி, தார் தெரியும்வரை சுரண்டியபடி
எங்களுக்கு முன்னால்
நடை வேகத்தில் ஓட்டிப் போனாள்.