பாதியில் நிற்கும் கோடு

மூன்று கோடுகள்.
அந்தியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பேக்கரியின் பிசுக்கு மேசையில்
செல்போனைப் படுக்கவைத்து
இரண்டு விரலால் மலையை அகட்டினான் மௌலி.

எனக்கு மலை தெரியாது, துணி தெரியும்.
திருப்பூரில் ஆறு வருசமாய்ச் செக்கிங் மேசை.
உயரக் கோடுகள் நெருக்கியடித்து ஓடிய இடத்தைக்
காலர் ரிப் என்று படித்துக்கொண்டேன்,
அங்கே முட்டி பேசும்.
விலகிக் கிடந்த இடம் சிங்கிள் ஜெர்சி,
மூச்சு விடலாம்.

முதல் கோடு தார் ரோடு.
கொண்டை ஊசிக்கு ஒரு எண் பலகை,
மரவள்ளி லாரியின் புகை.
"அதுக்கு எதுக்குங்க இத்தன பெரிய டயரு,
பஸ்ஸே போதுமே" என்றாள் திலகேஸ்வரி
பன்னை டீயில் முக்கியபடி.

இரண்டாவது, கோம்பைக்குள் இறங்கிப்
பள்ளத்தை நாலு தரம் தாண்டி ஏறுவது.
படத்தில் அதுதான் அழகு.
செக்போஸ்ட்டில் விசாரித்தோம்.
வாட்சர் பசுவராஜ் கன்னடம் ஒட்டிய தமிழில்
"வேசகாலம் அம்மணி,
தண்ணி இருக்கற பள்ளம் அது ஒண்ணுதான்.
ஆனைக்கும் அதே ரூட்டு" என்றார்.
அப்போதே அதை மடித்து வைத்துவிட்டோம்.

மூன்றாவதில்தான் பேச்சு நின்றது.
யாரோ சைக்கிளில் ஏறிய தடம்.
பெயர் இல்லை,
தேதி மட்டும், தை மாதத்து ஒரு ஞாயிறு.
கொறங்காட்டுக் கிளுவை வேலியோரம் தொடங்கி
இட்டேரியில் நுழைந்து
மாட்டுத்தடம் பிடித்துக் கரடேறி
ஆயிரத்து இருபது மீட்டரில்
சட்டென நின்றது.
திரும்பவும் இல்லை, இறங்கவும் இல்லை.
நூல் அறுந்த இடம் மாதிரி ஒரு முனை.

விழுந்திருப்பான், என்றான் மௌலி.
போன வருசம் தோள்பட்டையில் வைத்த தகட்டைச்
சட்டைக்கு மேலாகவே தடவிக்கொண்டான்.
பாறை வந்திருக்கும், என்றாள் திலகா,
மேலே போக முடிஞ்சிருக்காது அவனால.
ஏன் அவன், என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை,
டீக்குக் காசு கொடுக்கிற நேரம்.

கணக்குப் போட்டோம்.
தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.
ட்யூப் இரண்டு, ஒட்டு நாலு, செயின் கண்ணி கொஞ்சம்.
மௌலிக்குப் பின்சக்கரத்தில் நாற்பத்திரண்டு பல்,
எனக்கு முப்பத்தாறு.
கரட்டில் தள்ளத்தான் வேண்டும்.
தள்ளுவதில் கேவலம் ஒன்றுமில்லை
என்று யாராவது சொல்லட்டும் என
சித்தெ நேரம் மூன்று பேரும் காத்திருந்தோம்.
பிறகு திலகாதான் மூன்றாவது கோட்டில் விரலை வைத்தாள்.
விரலில் ஜாம் இருந்தது.

கருக்கலில் கிளம்பினோம்.
அந்தத் தடத்துக்கு டயர் தெரியாது,
குளம்புக்குத்தான் வளைந்து பழகியிருந்தது.
செம்மறை மாடுகள்,
மேலெல்லாம் சுண்ணாம்பு தெறித்த மாதிரி,
வழி விடாமல் நின்று
எண்ணெய் போட்ட செயினை மோந்து பார்த்தன.
இரண்டு இடத்தில் ஓட்டினோம்.
ஆறு இடத்தில் தள்ளினோம்.
ஓரிடத்தில் சைக்கிள் எங்கள் மேல் ஏறிக்கொண்டது.

ஆயிரத்து இருபது.
பாறை இல்லை.
ஒடிந்த கண்ணாடியோ வெடித்த ட்யூபோ
ஒன்றும் இல்லை.
கொஞ்சம் சமதளம், காய்ந்த புல்,
கீழே அந்தியூர் ஏரி
சட்டைப் பித்தான் அளவில்.
தடம் அதுபாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.
மௌலி நிற்கவில்லை.
திலகா பார்க்கக்கூட இல்லை.
நான் ஒரு காலை ஊன்றிச்
செல்போனை எடுத்தேன்.

இறக்கத்தைப் பற்றி என்ன சொல்ல,
கண்ணில் நீர், பல்லில் மண்,
யாருடைய பிரேக்கோ கருகுகிற வாசம்.

பர்கூர்க் கடையில் களி வருகிற வரைக்கும்
என் தடத்தை அகட்டிப் பார்த்தான் மௌலி.
"என்ன, உன்ற கோடும் அங்கயே நிக்குது?"
பேட்டரி, என்றேன்.

எழுபத்திரண்டு சதம் இருந்தது.