வால்

விரல் நுனியில் ஒரு சொட்டு. அவ்வளவுதான் எடுத்தார்கள்
பகாவ் சீனக் கோயில் மண்டபத்து முகாமில்,
கிறீச்சிடும் மின்விசிறிக்கடியில்.
மூன்று வாரம் கழித்துப் படத்தோடு வந்தாள்
ஆய்வுக்கூடத்து ஜெயசுதா.
"ஒன்பதாம் நம்பர். இது நீங்கதான் அக்கா."

கறுப்பில் பச்சைப் பொட்டுகள்.
சிலது முழு உருண்டை.
சிலதுக்குப் பின்னால் வால்.
கிழிந்த டிஎன்ஏ இழை ஒழுகி ஓடிய தடம் என்றாள்.
வால்வெள்ளி மாதிரி அழகா இருக்கே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

சோடி இழந்த எலெக்ட்ரானோடு அலைவது ஒன்று உண்டாம்.
கிடைத்த வீட்டில் பிடுங்கும்.
பறிகொடுத்தது பக்கத்து வீட்டில் பிடுங்கும்.
கடைசியில் கதவு உடைவது டிஎன்ஏ வீட்டில்.

பதினெட்டு வருடம் முதுகில் பம்பு சுமந்து
செம்பனை நிரைகளில் மருந்து அடித்தவள் நான்.
காலையில் அடித்தால் உச்சி வெயிலுக்குள் புல் வாடும்;
மூட்டத்தில் அடித்தால் தாமதமாகும்.
வெளிச்சத்தைத் தின்னும் இலையை
வெளிச்சத்தாலேயே கொல்லும் மருந்து.
அதுவும் இதே பிடுங்கல்தான் என்றாள்.

அப்படியென்றால் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் செடி
இத்தனை காலம் எப்படிப் பிழைத்தது?

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
"செடியால நிழலுக்கு நகர முடியாது அக்கா.
அதனால கொடுக்கக் கத்துக்கிச்சு."
பறிக்க வருகிறவன் கையில்
தன் எலெக்ட்ரான் ஒன்றை வைத்து
இந்தா, போ என்னுமாம்.
கொடுத்த பிறகும் அதற்கு வெறி பிடிக்காது.
மங்குஸ்தீன் தோலின் ஊதாவில், கீரையில்,
நாங்கள் வெட்டும் குலையின் செம்மஞ்சளில்
அந்தக் கை இருக்கிறதாம்.

நான் வல்லாரையை நினைத்தேன்.
மருந்து படாத வாய்க்கால் ஓரம் பறித்து
தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து தின்பது.
நிரைக்குள் முளைத்தால்
நானே அடித்துச் சாய்ப்பதும் அதைத்தான்.

தின்னா வால் மறையுமா?

"சோதனைக் குழாயில குறையுது.
உடம்பு குழாய் இல்ல.
கையுறை செய்ற வேலையைக் கீரை செய்யாது."
பொய் சொல்ல வராத பெண்.

மறுநாள் பெரட்டில் மண்டோரிடம்
புதுக் கையுறை கேட்டேன், முகமூடியும்.
அடுத்த மாசம் பார்க்கலாம் என்றான்.
படத்தை அவன் நோட்டின் மேல் வைத்தேன்.

என்னம்மா இது, நிலாவா?

நான்தான்.
பின்னால பாரு, ஒழுகிக்கிட்டிருக்கேன்.