ஏழு பகல், ஆறு இரவு

சான்றிதழை லேமினேட் பண்ணித் தந்த பெடியன்
"என்ன அண்ணை, டொக்டரோ?" என்றான்.
இல்லை,
ஆக்களைக் குந்தி எழும்ப வைக்கிறவன்.
இருநூறு ரூபாயை எண்ணிக்கொண்டே சிரித்தான்.

அது கையில் இன்னும் சூடாயிருக்க
பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.
லொத்தர்க் கடையடியில் ஒரு புள்ளிமான்
வாழைப்பழத் தோலையும் கிழிந்த சீட்டையும்
மாறிமாறி மணந்து பார்த்துவிட்டு
சீட்டைத் தின்றது.

நிலாவெளியில் ஹொட்டேல்.
கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் கடல்.
ட்ரெட்மில்லில் ஓடுகிறவர்
தண்ணீருக்கு மேல் ஓடுகிறமாதிரி இருக்கும்.
விதானகே மாத்தயா என் தோளைத்தான் முதலில் பார்த்தார்,
சான்றிதழைப் பிறகு.
வெள்ளை டீசேர்ட் மூன்று, சாப்பாடு, சேர்விஸ் சார்ஜ்.
"ஒக்டோபருக்குப் பிறகு பார்ப்போம்" என்றார்.
ஒக்டோபருக்குப் பிறகு வாடைதான் வரும்.
அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருநாள் பழகிப்பார்க்க விட்டார்கள்.
வந்தது ஒரு ஜேர்மன்காரர்.
குந்தும்போது வலது முழங்கால் உள்ளே சாய்ந்தது.
காட்டினேன். திருத்தினார். கைகுலுக்கினார்.
"நாளைக்கு?" என்றேன்.
நாளைக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறாராம்,
மறுநாள் சிகிரியா.
ஏழு பகல், ஆறு இரவு, பக்கேஜ் அப்படி.
அந்த முழங்கால்
இப்போது எந்த ஊரில் சாய்கிறதோ.

வீடுவீடாகப் போ என்றான் மச்சான் நிரூபன்.
வருகிற காசு நூற்றுக்கு நூறும் உனக்கே.
ஸ்கூட்டியின் முன்னால் பையைக் கொழுவிக்கொண்டு
பாலையூற்றில் யூஜினி மிஸ் வீட்டுக்குப் போனேன்.
தொலைக்காட்சியில் நாடகம்,
செற்றியில் பிள்ளைகள் இரண்டு,
நடுவில் மிஸ் கையை உயர்த்தி, கையைத் தாழ்த்தி.
நல்ல மனுசி. காசும் உடனே தந்தா.
ஆனால் நான் பிழையாய்ச் சொல்லிக்கொடுத்தால்
அதைப் பிழையென்று சொல்ல அந்த வீட்டில் யார்?
வாசலில் நாய் மட்டும்
தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அனுராதபுரச் சந்தியில் ரிஃப்கானின் ஜிம்,
டயர்க் கடைக்கு மேல்மாடி.
இறப்பர் மணமும் வேர்வை மணமும்
படியிலேயே அடிபடும்.
பத்துக் கிலோத் தகடுகளில் ஒன்று ஒன்பதரை.
எல்லாருக்கும் தெரியும்,
எதுவென்று ஒருவருக்கும் தெரியாது.
"சம்பளம் இல்ல தம்பி.
நீ பிடிக்கிற ஆளில அறுவது வீதம் ஒனக்கு.
காலம அஞ்சு மணிக்கு நீதான் தொறக்கணும்."

அன்றிரவு மின்சார பில்லின் பின்பக்கத்தில்
கூட்டிக் கழித்தேன்.
எப்படிப் போட்டாலும் ஹொட்டேல்தான் வென்றது.
"சாப்பாடும் தருவினம் என்ன?" என்றா அம்மா,
ஒருக்கா அல்ல, மூன்று தரம்.

ஆனால் என் உடம்பு எனக்குப் பதில் சொன்னது
முப்பத்தெட்டாம் நாளில்.
உவர்மலை ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கையில்
மூச்சு வாங்குவதையே மறந்து
உச்சிக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.
அது இன்னொருவருக்கு நடக்கும்போது
பக்கத்தில் நிற்கவேண்டும் எனக்கு.
ஆறு இரவுக்குள் அது வராது.

ரிஃப்கானிடம் திறப்பை வாங்கினேன்.
மூன்று கிழமை
ஐந்து மணிக்கு நானும் மின்விசிறியும்.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை,
சோற்றைக் கொஞ்சம் சத்தமாக வைத்தா.

பிறகு த்ரீவீல் சதாநிதி வந்தார்,
நாரிப்பிடிப்போடு,
சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு.
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்.
நான் திருப்பவில்லை.
குந்தினார், பாதியில் நின்றார், எழும்பினார்.
ஒன்று, என்றேன்.
மூலையில் பழைய ஆள் இன்ஃபாஸ்
"குதிக்காலப் பாரு" என்றான் எனக்கு.
பார்த்தேன். தூக்கியிருந்தது.

இன்று பதினோராம் நாள்.
அந்த ஒன்பதரைத் தகட்டை நேற்றே கண்டுபிடித்துவிட்டேன்,
விளிம்பில் ஒரு பல்லுப்போன இடம்.
யாருக்கும் சொல்லவில்லை.
நெஞ்சோடு அணைத்துக் குந்தச் சொல்லி
அவர் கையில் அதைத்தான் கொடுத்தேன்.
"எவ்வளவு தம்பி?"
"பத்து, அண்ணை."

அரைக் கிலோ கடன்.
நாற்பதுக்குள் தீர்த்துவிடுவேன்.