நாற்பது ரூபாய் கழிவு

இடப்பக்கம் வாதி. வலப்பக்கம் பிரதிவாதி.
நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.
ஒத்துப்போகும் வரிகளை மஞ்சளாக்கு
என்று கருவிக்குச் சொல்லிவிட்டு
தம்புச் செட்டித் தெருவில் டீ குடித்துத் திரும்பினால்
இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிக் குளித்து நின்றன.

எண்பத்து மூன்று சதவீதம்.
வக்கீலுக்கு இது போதும், எனக்குப் போதாது.
கூட்டலும் வரியும் பாக்கியும்
யார் எழுதினாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும்.
சரியாக இருப்பது சாட்சிக்கு வராது.
தப்பு வரும்.

தண்ணீர் லாரிக்கு பில் போடும் மென்பொருள்.
பெருங்குடியில் ஒன்று, ஆறு வருட உழைப்பு.
அம்பத்தூரில் இன்னொன்று, எழுபது நாள்.
பெயரெல்லாம் மாறியிருக்கிறது,
வாடகை கட்டணமாகி
டிரைவர் பணியாளராகி.
ரசீதின் ஆங்கில ஸ்பெல்லிங் மட்டும்
இங்கே பிசகிய இடத்திலேயே அங்கேயும் பிசகி
பதினேழு முறை.

அப்புறம், யாரும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷன்,
அதன் தலையில் ஒரு குறிப்பு:
‘இப்ப தேவையில்ல. ஆனா அழிச்சிராதீங்க. எபி.’
அங்கே ‘எபி’யை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

எபினேசர், காசிமேடு.
இரண்டையும் எழுதியது அவர்தான்.
‘பென் டிரைவ்ல எதுவும் கொண்டுவரல மேடம்,
கை அப்படித்தான் எழுதும்.’
இருக்கலாம்.
எந்தப் பேனா கொடுத்தாலும்
என் ழகரத்துக்கு வால் நீளம்.
ஆனால் செத்துப்போன நானூற்றுப் பன்னிரண்டு வரியை
ஒரு காற்புள்ளி சிந்தாமல்
எந்தக் கை ஞாபகம் வைத்திருக்கும்?

அறிக்கையைத் தொடங்கினேன்.
போன வழக்கின் முன்னுரையை எடுத்து
எண்ணை மட்டும் மாற்றினேன்.
அதை யாரும் ஒப்பிடப்போவதில்லை.

இரண்டாயிரத்து இருநூற்று ஆறாம் வரியில் நின்றுவிட்டேன்.
எருக்கஞ்சேரி, பாளையத்தம்மன் கோயில் நான்காம் சந்து என்றால்
நாற்பது ரூபாய் கழி.
காரணம் எழுதவில்லை.
அம்பத்தூர்க்காரர்கள் விற்பதோ ஓசூரில் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
லாரி நுழையாத சந்து.
மெயின் ரோட்டிலிருந்து குடம் குடமாய்ச் சுமக்கிறார்கள்.
‘ஆபீஸ் தம்பி ஒண்ணு வந்து
ஒரு நாள் பூரா நின்னு பாத்துட்டுப் போச்சு,
அதுலேர்ந்து நாப்பது கம்மி’ என்றாள்
இடுப்புக் குடத்தை இறக்காமலே.
கொஞ்சம் யோசித்து,
‘இப்பல்லாம் முழுசாத்தான் வாங்குறாங்க.’

பெருங்குடியில் கேட்டேன்.
புது பதிப்பில் எடுத்துவிட்டார்களாம்,
ஆடிட்டர் கேட்டாராம்.

அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
இணைப்பு ஐந்து:
‘தொடர்பற்ற தனி வரி. நகலுக்கு வலுவான சான்று.’
கையெழுத்திட்டேன், வால் நீள.

ஓசூரில் அது இன்னும் ஓடுகிறது.
ஒவ்வொரு பில்லுக்கும் ஒருமுறை
அந்தச் சந்தா என்று பார்க்கிறது,
இல்லை என்று
அடுத்த வரிக்குப் போகிறது.