லைன் போடுகிறவன்

லாபிஸ் டவுனில் என்னை லைன்காரன் என்பார்கள்.
குணாளன் என்ற பெயர்
சம்பளச் சீட்டில் மட்டும் வரும்.
"லைன் எப்பங்க வரும்?" என்று கேட்பார்கள்,
மழையை விசாரிப்பதுபோல.

இன்று தோட்டத்து ஐந்தாம் லயம், கடைசி வீடு.
"லைன் போட வந்திருக்கேன்" என்றேன் வாசலில்.
உள்ளேயிருந்து சிரிப்பு.
"அதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு?"
நேசமலர். செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
காது சுட்டது எனக்கு.
ஏணியை நிமிர்த்தினேன்.

மோடத்தைத் தரையில் வைக்கக்கூடாது,
வெள்ளம் ஏறும் வீடு.
முட்டுக் கொடுக்க அவள் எடுத்து வந்தது
முதுகு கிழிந்த ஓர் அகராதி.
சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை
வேறு வேலையில்லை.
என் பிழைப்புச் சொல்லைத் தேடிப் பிரித்தேன்.

கோடு. கயிறு. தூண்டில் நரம்பு.
தண்டவாளம். எல்லை. நெற்றிச் சுருக்கம்.
நடிகன் மேடையில் மறந்துபோகும் வசனம்.
கவிதையில் ஓர் அடி.
ஒன்றரைப் பக்கம் போகிறது.
நாங்கள் பிறந்த வீட்டு வரிசை மட்டும் இல்லை.
"தள்ளுங்க" என்று பென்சில் எடுத்தாள்.
ஓரத்தில் எழுதினாள்: லயம்.

துரைமார் லைன்ஸ் என்றதை
நம் வாய் லயம் ஆக்கிக்கொண்டது.
தாளம் தப்பாமல் பத்துக் கதவு.
லயம் என்றால் கரைந்துபோவதும்தான்.
அந்தப் பொருள் போன ஜனவரியில் தெரிந்தது,
முதலாம் லயத்துக்குள் மண்வாரி நுழைந்த அன்று.

அடியில் பொடி எழுத்தில் பிறப்பு:
லத்தீன். ஆளிச் செடியின் நார்.
அதைத் திரித்த நூல்.
நூலை இழுத்துப் பிடித்த பிறகுதான்
உலகத்தில் கோடே வந்திருக்கிறது.

"ஆளின்னா சிங்கம் இல்ல?
கோயில் தூண்ல கால தூக்கிட்டு நிக்குமே."
"லயனும் சிங்கம்தானே" என்றேன்.
சிரித்தோம். இரண்டு சிங்கங்களும்
ஒரே நூற்கண்டில் சிக்கிக் கிடந்தன.

சுவரில் நோட்டீஸ் பார்த்தேன்.
மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.
பாரத்தில் பார்த்தேன்.
இரண்டு வருட ஒப்பந்தம்.
கேட்கலாமா என்று நான் யோசிப்பதற்குள்
கையெழுத்துக் கோட்டின்மேல்
பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவு
அழுத்தி எழுதிவிட்டாள்.

ஒருமுறை சரிபார்க்கத் தோன்றியது.
வெளியே போய்ப் பெட்டியைத் திறந்தேன்.
உறையை உரித்தால்
தலைமுடியிலும் மெலிதாய் ஒரு கண்ணாடி இழை.
கம்பெனிக்காரன் இதற்கு வைத்த பெயரும்
நார்தான்.
ஊதினால் ஆடுகிறது.
அதற்குள் ஒரு வெளிச்சம்
சிகாமட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

லாரியிலிருந்து ரோஸ்லான் ஹார்ன் அடிக்கிறான்.
"வந்துடுச்சா?" என்கிறாள் உள்ளேயிருந்து.
பச்சை.
அகராதிமேல், ஓர் எழுத்தும் தெரியாமல்,
அது பாட்டுக்கு எரிகிறது.