இரண்டு சதுரம்

சுவரில் ஒன்பது நாளாக இரண்டு சதுரம்.
அட்டையில் அவற்றுக்கு வெறும் எண்கள்.
நான் வைத்த பெயர்:
நீர்மோர்,
பயறு ஊறிய தண்ணீர்.

எனக்குப் பயறு. இசக்கிராஜுக்கு மோர்.

அவன் பார்ப்பது பகலில்.
ஐரோலியில் இரவு ஷிஃப்ட் முடிந்து
தாணேயில் வண்டி மாறி
நின்றபடியே தூங்கி
முலுண்டில் இறங்கி வந்து திரையை ஒதுக்குவான்.
எதிர்க் கட்டடத்து மாடியில்
மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய்
அறை முழுக்க இறங்கியிருக்கும்.
பயறு அப்போது
கழுவாத தண்ணீர்த் தொட்டியாம்.

நான் பார்ப்பது டியூப்லைட்டில்.
அதில் அவனுடைய மோர்
ஊசிக்குக் காத்திருக்கும் அறை.

பெயிண்டர் சக்பால் மூன்று முறை போன் செய்துவிட்டார்:
'கலர் பக்கா க்யா, தாயி?'

ஞாயிறு மாலை ஆறரை மணி.
இருவரும் ஒரே சுவரின் முன் நின்றோம்.
பகலும் போய்விட்டது, விளக்கும் போடவில்லை.
எது மோர், எது பயறு?
கிட்டே போய் விரலால் தடவினோம்.
இரண்டிலும் ஈரம்.
'லைட் போடட்டுமா?'
'இரு' என்றேன்.
கீழே யாரோ ஒரு ஸ்கூட்டரை
உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு
உருட்டிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை
வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினேன்.
அவன் இன்னும் வரவில்லை.
திரையை ஒதுக்கினேன்.

தொட்டிதான்.
கொஞ்சம் பாசிகூட.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.